பாயசம் விட்டுப்போன சம்பந்தி

திருவிடைமருதூர் பெரியப்பா மூணு மா நஞ்சை வாங்கப் போகிறார். அட்வான்ஸ் கொடுக்குமுன் வில்லங்கம் பார்க்க வேண்டுமாம். ‘‘உன் கம்ப்யூட்டர்ல தட்டுடா’’ என்று மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பதிவுத் துறையின் இணையதளம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. மண்டலம்? மாவட்டம்? சார்பதிவாளர் அலுவலகம்? கிராமம்? புல எண்? எந்தத் தேதியிலிருந்து எதுவரை?

‘‘பொண்ணு பார்க்கப் போன இடத்துலகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க! மொத்தத்தையும் அனுப்பச் சொல்லு, நான் தேடிக்கறேன்’’ என்றார்.

மொத்தத்தையுமா? தமிழ்நாடு பூரா பதிவான பத்திர விவரமெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பினால் சர்வர் திணறும், லைன் அடைக்கும், நம் கம்ப்யூட்டர் மயங்கி விழும். அதனால்தான், இருக்கிற இடத்திலேயே சலித்து, கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். அதையும் வைக்கோல் கட்டு மாதிரி இறுக்கிக் கட்டி அனுப்பலாம். அதற்கான ‘ஜிஸிப்’ 1992-லேயே வந்தாச்சு.

சலித்த பிறகும் ஆயிரக்கணக்கில் மிஞ்சினால்? பந்தி பந்தியாகப் பரிமாற வேண்டியதுதான். முதலில் நூறு வரி, அப்புறம் அடுத்த நூறு.

இங்கேதான் பல புரோகிராமர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘முதல் நூறை எண்ணித் தள்ளு, அடுத்த நூறைக் கொடு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆயிரமாவது பக்கம் கேட்டால், டேட்டாபேஸ் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரிகளை எண்ணித் தள்ளணும். தாமதத்தையாவது பொறுக்கலாம். முதல் பக்கம் வந்த பிறகு அதிலிருந்து ஒரு வரி நீக்கப்பட்டால்? 101-வது வரி 100-வது ஆகிவிடும். எந்தப் பக்கத்திலும் வராது! அது ஓர் அடமானப் பத்திரமாக இருந்து தொலைத்தால், பெரியப்பா கதி?

அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ‘‘கல்யாணப் பந்தியில நாப்பது இலைக்குப் பாயசம் ஊத்தியாச்சு. வாளி காலி. ரொப்பிட்டு வர்றதுக்குள்ள முன்னால ஒருத்தர் எழுந்து போயிட்டார், இலையையும் எடுத்தாச்சு. இப்ப நாப்பது இலை எண்ணித் தள்ளிட்டு ஆரம்பிச்சா...’’

பெரியப்பா பல கல்யாணங்களில் பந்தி விசாரித்தவர். சீறினார்.

‘‘எந்த மடையன்டா எண்ணுவான்? கடைசியா யாருக்கு ஊத்தினோம்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு, அவருக்கு அடுத்த இலையிலேர்ந்து ஆரம்பிக்கணும். இல்லேன்னா விட்டுப்போறவர் கண்டிப்பா சம்பந்தியாத்தான் இருப்பார்!’’

அதேதான் வைத்தியம். கடைசியாக வந்த வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘இதற்கு மேல் நூறு’ என்று கேட்க வேண்டும். புத்தகத்தின் பின்னால் இருக்கும் அகராதி மாதிரி, டேட்டாபேஸின் இண்டெக்ஸ் நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். எண்ணவும் வேண்டாம், விட்டுப்போகவும் போகாது.

வில்லங்கம் பிரிண்டாகி வந்தது. பெரியப்பா விரலை நனைத்துக்கொண்டு, வரிசை எண் விடாமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

‘‘ம்... எல்லா இலைக்கும் பாயசம் வந்தாச்சு. கிளம்பலாம்’’ என்றார்.