பெண்கள் ஸ்ட்ரைக் பண்ணின ஒரு நாடகமும் நாம சிரிக்கிற இடமும்

இன்னிக்கு சுகருக்கும் பிரஷருக்கும் லீவு. 2400 வருஷத்துக்கு முந்தைய ஒரு கிரேக்க நாடகத்தைப் பத்திப் பேசுவோம்.

பெயர்: லைசிஸ்ட்ரேட்டா. எழுதியவர் அரிஸ்டோபனிஸ். கி.மு. 411இல் ஏதென்ஸில் மேடையேறிய நகைச்சுவை.

கதை சிம்பிள். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் 20 வருஷமா போர். லைசிஸ்ட்ரேட்டா எதிரி நாட்டுப் பெண்களையும் சேர்த்துக் கூட்டி சத்தியம் வாங்குறா. சமாதானம் வர்ற வரைக்கும் புருஷனுக்குப் படுக்கை கிடையாது!

இதைப் படிக்கிறவங்க இப்போ ரெண்டு கட்சியா நிற்கிறாங்க.

முதல் கட்சி: "அந்தக் காலத்திலேயே பெண்ணியம் பாருங்க!" இராக் போருக்கு எதிராக 2003 மார்ச் 3 அன்று, 59 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இதை வாசித்தார்கள்.

இரண்டாவது கட்சி: "இதுல எங்கங்க பெண்ணியம்?" நாடகத்துப் பெண்கள் மதுவுக்கு அலைகிறார்கள். ஆசையை அடக்க முடியாமல் சாக்கு சொல்லி வீட்டுக்கு ஓடப் பார்க்கிறார்கள். பெண் வேஷம் போட்டதும் ஆண்கள்தான். கடைசியில் 'சமாதானம்' நிர்வாணப் பெண்ணாக வந்து நிற்க, அவள் உடம்பைக் காட்டித்தான் ஆண்கள் நிலத்தைப் பங்கு போடுகிறார்கள்.

என்னைக் கேட்டா ரெண்டு கட்சி சொல்றதும் சரி. ஆனா ரெண்டு பேர் கண்ணும் படுக்கையறையிலேயே நின்னுடுச்சு.

நல்ல கேள்வி ஒண்ணு இருக்கு. புருஷன் போர்க்களத்துல இருந்தா, இந்த ஸ்ட்ரைக் யாருக்கு வலிக்கும்? நாடகத்திலேயே ஒருத்தி தன் புருஷன் வீட்டை விட்டுப் போய் 5 மாசமாச்சுன்னு சொல்றா.

அதனாலதான் இரண்டாவது திட்டம். வயசான பெண்கள் அக்ரோபோலிஸைப் பிடிக்கிறார்கள். ஏதென்ஸின் கஜானா அங்கேதான். பணம் இல்லாம போர்க்கப்பல் எப்படி ஓடும்?

பணம் எடுக்க வந்த அதிகாரி அதிர்ந்துபோய், அரசாங்கப் பணத்தைப் பெண்கள் நிர்வகிப்பதான்னு கேட்கிறார். வீட்டுக் கணக்கை நாங்கதானே பார்க்கிறோம்னு பதில் வருது. ஸ்ட்ரைக் வெறும் ஜோக். நாடகத்தோட வாதம் இந்தக் கஜானாவில்தான் இருக்கு.

அடுத்து வருவதுதான் என்னை உலுக்கிய இடம். போரில் பெண்களுக்கு என்ன பங்குன்னு அதிகாரி கேட்கிறார். பெற்று, வளர்த்து, சிப்பாயா அனுப்புறதே நாங்கதான்னு அவள் ஆரம்பிக்கும்போதே அவர் வாயை அடைக்கிறார்: பழைய துயரத்தைக் கிளறாதே!

ஏன் தெரியுமா? இரண்டே வருஷம் முன்னாடி, கி.மு. 413இல், சிசிலிக்குப் போன ஏதென்ஸ் படை மொத்தமும் அழிஞ்சுபோச்சு. அன்றைக்குப் பார்வையாளர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாக்கள் இருந்திருப்பார்கள்.

இன்னொரு இடம். புருஷன் அடிச்சு இழுத்தா என்ன செய்யறதுன்னு ஒருத்தி கேட்கிறாள். வேற வழியில்லாட்டி வேண்டாவெறுப்பா விட்டுக்கொடுன்னு பதில். ஏதென்ஸ் ஆண்களுக்கு அது காமெடி.

எனக்குச் சிரிப்பு வரல. கன்சல்டேஷன் ரூமில் இதே விஷயத்தைச் சிரிச்சுக்கிட்டே சொல்லும் பெண்களைப் பார்த்தவன் நான். சிரிச்சுக்கிட்டு சொன்னா வலி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அப்படித்தான் அவங்களால சொல்ல முடியுதுன்னு அர்த்தம்.

நிஜ உலகத்துக்கு வருவோம். லைபீரியா, 2003. லேமா போவீ தலைமையில் பெண்கள் உள்நாட்டுப் போரை எதிர்த்துப் போராடினார்கள். உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது 'தாம்பத்திய ஸ்ட்ரைக்' மட்டும்தான். அது பத்திரிகைகளின் கவனத்தைத்தான் இழுத்தது, பெரிதாக வேறு பலன் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பலன் தந்தது வெள்ளை உடையில் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் உட்கார்ந்ததும், பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்தின் வாசலை மறித்ததும்தான். 2011இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாடகத்தில் சமாதானம் வந்தது. நிஜத்தில் வரவில்லை. போர் இன்னும் 7 வருஷம் நீண்டது. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது.

ஆக, இந்த நாடகத்தைக் கொண்டாடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். நோயாளி பேச்சைக் கேட்கிற மாதிரி படிங்க. எந்த இடத்தில் ஜோக் சொல்லி அவசரமாகப் பேச்சை மாற்றுகிறார்களோ, அங்கே கை வைத்துப் பாருங்கள்.

வலி அங்கேதான் இருக்கும்.