முறிந்தது அச்சு மட்டுமே

நம் பல்கலைக்கழக விடுதிகளில் துருவேறிக் கிடக்கும் பழைய கியர் மிதிவண்டிகளுள் சிலவற்றில் முறிந்திருப்பது பின்சக்கர அச்சு மட்டுமே. ஏறியவரின் எடையே காரணம் என்பர். வடிவமைப்பையே முதலில் நோக்க வேண்டும். பழைய ஃப்ரீவீல் அமைப்பில் வலப்புறக் குண்டுகள் பற்சக்கரங்களுக்கு உட்புறம் அமைவதால், அங்கிருந்து சட்டகம் வரை அச்சு தாங்கலின்றி நீள்கிறது. பள்ளங்களில் அவ்விடத்திலேயே வளைந்து முறிகிறது. ஷிமானோ 1978இல் கொணர்ந்த ஃப்ரீஹப், அக்குண்டுகளை வெளிப்புறம் நகர்த்தியது.

அதற்காகப் பழைய சக்கரத்தை எறிய வேண்டியதில்லை. விட்டமும் மரையும் பொருந்தும் புதிய அச்சு, தேய்ந்திருப்பின் கோன்களும் குண்டுகளும், சிறிது கிரீஸ் போதும். அச்சைப் பற்றும் சட்டக முனைகள் இணையாக உள்ளனவா எனவும் பார்த்தாக வேண்டும். இல்லையேல் புதியதும் முறியும். இவ்வேலை அறிந்த கைகளுக்கு வளாகத்துள் ஒரு மரநிழலும் தராமல் ‘பசுமை வளாகம்’ எனப் பலகை நடுவது வெறுஞ்சொல்லே.