சென்சார் உங்களுடையது... சாவி யாரிடம்? கரிசல் விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டிய ‘லோராவான்’ பதிவு

தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர் என்றாலே பலருக்கும் ரெடிமேட் துணிதான் ஞாபகம் வரும். ஆனா, ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. புரட்டாசியில் விதைப்பு, பிறகு வானத்தைப் பார்த்து உளுந்து, பாசி, மக்காச்சோளம். மழை எப்போ, எவ்வளவு பெய்தது என்பதுதான் இங்கே வெள்ளாமையைத் தீர்மானிக்கிறது.

அந்த மழையோ ஊருக்கு ஊர் மாறும். 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. எங்கோ பெய்ததை வைத்து நம்ம காட்டைக் கணக்கிட முடியாது. பயிர்க் காப்பீடு உள்ளிட்ட தேவைகளுக்காக, ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானி வைக்கும் ‘விண்ட்ஸ்’ திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியதும் இதனால்தான்.

சொந்தக் காட்டிலேயே சென்சார் வைக்க நினைப்பவர்களுக்குக் கைகொடுக்கும் தொழில்நுட்பங்களில் ஒன்று, லோராவான்.

லோராவான் என்றால் என்ன?

சென்சாருக்கு சிம் கார்டு வேண்டாம், வைஃபை வேண்டாம். மழை அளவு, மண் ஈரம் போன்ற சின்னச் சின்னத் தகவலை ரேடியோ அலையில் அனுப்பும். தடுப்பில்லாத வெட்டவெளியில் பல கிலோமீட்டர் எட்டும். எப்போதாவது மட்டும் பேசுவதால் பேட்டரி சில ஆண்டுகள் தாங்கும்.

ஊரில் உயரமான இடத்தில் இருக்கும் ‘கேட்வே’ பெட்டி இதைப் பிடித்து, இன்டர்நெட் வழியே ‘நெட்வொர்க் சர்வர்’ என்ற மென்பொருளுக்கு அனுப்பும். இந்தியாவில் இதற்கான 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லேயே உரிம விலக்கு கிடைத்துவிட்டது. 2021-ல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது.

பதிவு ஏன் அவசியம்?

கேட்வேக்கு எந்த சென்சார் யாருடையது என்று தெரியாது. காதில் விழுவதை எல்லாம் அனுப்பிவிடும். எதை ஏற்கணும், எதைத் தள்ளணும் என்று முடிவு செய்வது சர்வர். அதற்கு 3 விவரங்களைப் பதிய வேண்டும்.

1. டெவ்-இயுஐ: சென்சாரின் ஆதார் எண் மாதிரி. 16 இலக்கம்.
2. ஜாயின்-இயுஐ: சென்சாரை நெட்வொர்க்கில் சேர்க்கும் பணியைக் கவனிக்கும் சர்வரின் அடையாளம். இதுவும் 16 இலக்கம்.
3. ஆப்-கீ: ரகசியச் சாவி. 32 இலக்கம். இது காற்றில் அனுப்பப்படவே படாது.

பேட்டரியைப் போட்டதும் சென்சார் ‘என்னைச் சேர்த்துக்கொள்’ என்று கேட்கும். தன்னிடம் உள்ள அதே சாவியால்தான் அந்தக் கோரிக்கை முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். பொருந்தினால் உள்ளே, இல்லையென்றால் பதிலே வராது.

எங்கே தப்பு நடக்கிறது?

எண்ணைக் கையால் அடிக்கும்போது 8-ஐ ‘பி’ என்று போட்டாலே போச்சு. அதனால் ஸ்டிக்கரில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வது நல்லது. அடுத்து, ஆன்லைனில் ஐரோப்பிய அலைவரிசை மாடலை வாங்கிவிடுவது. இங்கே தேவை இந்தியாவுக்கான 865 மாடல்.

கரிசலுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கு. காய்ந்தால் மண் வெடிக்கும். வெடிப்பில் மாட்டிய ஈரப்பத சென்சார், மண்ணை விட்டுக் காற்றை அளக்கும். பதிவு சரியாக இருந்தாலும் அளவு தப்பாகத்தான் வரும்.

சாவி யாரிடம் இருக்கிறது?

உண்மையான கேள்வி இதுதான். பல நேரங்களில் விற்கும் கம்பெனியே தன் சர்வரில் பதிந்துகொடுத்துவிடும். வேலை சுலபம்தான். ஆனால் நாளைக்குக் கம்பெனி மூடினால், இல்லை சந்தாவை ஏற்றினால்? சாவி கையில் இல்லாவிட்டால் வேறு சர்வருக்கு மாறுவது கஷ்டம்.

இது வெறும் கற்பனை இல்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2015-ல் தொடங்கி உலகெங்கும் பரவிய இலவச நெட்வொர்க், ‘தி திங்ஸ் நெட்வொர்க்’. அதன் பழைய சர்வர்கள் 2021 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. சாவியை வைத்திருந்தவர்கள் புதிய சர்வரில் பதிந்து தொடர முடிந்தது. மாற்றாமல் விட்ட கருவிகளின் தரவு வருவது நின்றுபோனது.

சாவி இன்னொருவர் கையில் சிக்கினால் வேறு ஆபத்தும் உண்டு. அவர் உங்கள் தரவைப் படிக்கலாம். பெய்யாத மழையைப் பெய்ததாகவும் காட்டலாம்.

வாங்கும் முன் கேளுங்க

• 3 எண்களையும் எழுத்தில் தருவீர்களா?
• வேறு சர்வருக்கு மாற்ற அனுமதி உண்டா?
• பழைய மழைக் கணக்கை டவுன்லோடு செய்ய முடியுமா?
• கருவிகளை இணைக்கும் சேவை நிறுவனங்களுக்கான பதிவு விதிகளை தொலைத்தொடர்புத் துறை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்படி நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா?

உங்கள் சென்சார் காட்டும் அளவை மட்டும் வைத்துக் காப்பீட்டுத் தொகை கிடைத்துவிடாது. ஆனால் எப்போ விதைக்கணும், எப்போ உரம் போடணும் என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு உதவும். வருஷக்கணக்கில் சேர்ந்தால் அது உங்கள் காட்டின் வரலாறு. பத்திரத்தைப் பத்திரமா வைக்கிற மாதிரி, அந்த 32 இலக்கத்தையும் எழுதி வையுங்க.