சம்பளம் கேட்கத் தெரியாதவர்களா நாங்கள்?

போன வருடம் ஒரு மாத முடிவில், இரவு பத்தரை மணிக்கு அக்கா கோல் எடுத்தா. சாப்பிட்டியா, படிச்சியா என்ற வழமையான கேள்விகள் ஒன்றும் இல்லை.

"நீ எக்கனமிக்ஸ் படிக்கிறாய்தானே, ஒரு கணக்குச் சொல்லு. பதினெண்ணாயிரத்தை அஞ்சால பெருக்கினா எவ்வளவு?"

"தொண்ணூறாயிரம். ஏனக்கா?"

"பதினையாயிரத்தை?"

"எழுபத்தையாயிரம்."

"எழுபத்தையாயிரம் நான். தொண்ணூறாயிரம் எனக்கு மூண்டு மாசம் பிந்தி வந்த பெடியன்."

அக்கா அப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தா. மாதா மாதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் சீ படிவத்தைத் தயாரிப்பது அவவின் வேலைகளில் ஒன்று. ஊழியரிடமிருந்து 8 சதவீதம், நிறுவனத்திடமிருந்து 12 சதவீதம், மொத்தம் 20 சதவீதம். ஒருவரின் பெயருக்கு நேரே இருக்கும் தொகையை ஐந்தால் பெருக்கினால் அவருடைய சம்பளம் வந்துவிடும். அன்றைக்கு அக்கா பெருக்கிப் பார்த்துவிட்டா. அந்தப் பெடியனுக்கும் அவவுக்கும் ஒரே தகைமை. இரண்டு பேரும் சீ.ஏ. பரீட்சைகளில் ஒரே கட்டத்தில் இருந்தவர்கள். பதவியின் பெயரும் ஒன்று. மேசைகூடப் பக்கத்து மேசைதான்.

(அக்கா கேட்டபடியால் தொகைகளைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். வித்தியாசம் கிட்டத்தட்ட இதே அளவுதான்.)

இந்தக் கதையை நண்பிகளுக்குச் சொன்னபோது அதிகம் பேர் சொன்ன பதில்: "அவ முதல்லயே கூடக் கேட்டிருக்கலாமே." எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மிச்சப் பாதி எங்கள் தலையில் கட்டப்பட்ட பழி.

முதலில் உண்மையான பாதி. அமெரிக்காவில் லிண்டா பப்கொக் என்ற பொருளியலாளர், முதுமாணிப் படிப்பு முடித்து வேலைக்குப் போன மாணவர்களை ஆராய்ந்தார். நிறுவனம் சொன்ன முதல் சம்பளத்தை அப்படியே ஏற்காமல் கூடக் கேட்டவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 7 சதவீதம் மட்டும்தான். ஆண்களின் ஆரம்பச் சம்பளம் சராசரியாக 7.6 சதவீதம் அதிகமாக இருந்தது. 2003 இல் அவர் சாரா லஷெவருடன் சேர்ந்து எழுதிய நூலுக்குப் பிறகு "பெண்கள் கேட்பதில்லை" என்பது உலகம் முழுக்க ஒரு மந்திரம் போலப் பரவியது. "துணிந்து கேளுங்கள்" என்று பெண்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார்கள்.

ஆனால் அதே பப்கொக் 2007 இல் வேறு இருவருடன் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார். சம்பளம் கூட்டிக் கேட்கும் ஆணையும் பெண்ணையும் மற்றவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பம் குறைந்தது. ஆணுக்கு அந்தத் தண்டனை அந்த அளவுக்கு இல்லை. பிறகு 2018 இல் அவுஸ்திரேலியத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு இன்னும் நேராகச் சொன்னது. ஒரே மாதிரியான வேலை நிலைமைகளை ஒப்பிட்டால் பெண்களும் ஆண்கள் அளவுக்குச் சம்பள உயர்வு கேட்கிறார்கள். கேட்டதில் கிடைப்பது ஆண்களுக்கு 20 சதவீதம், பெண்களுக்கு 15 சதவீதம்.

அதாவது கேட்காவிட்டால் "கேட்கத் தெரியாதவள்". கேட்டால் "வாய் கூடினவள்". எங்கட ஊரில் இந்த இரண்டாவதை விளக்கத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சொல்.

அக்காவும் கேட்டுப் பார்த்தா. ஆனால் ஒரு சிக்கல். கணக்காளர்களின் ஒழுக்கக் கோவையில் இரகசியம் பேணுதல் ஓர் அடிப்படைக் கொள்கை. வேலையில் தெரிந்துகொண்ட தகவலைச் சொந்த நன்மைக்குப் பயன்படுத்தக் கூடாது. அக்கா அதில் சரியான கண்டிப்பு. "படிவத்தில பார்த்தனான், ஏன் இந்த வித்தியாசம்?" என்று கேட்க அவவுக்கு வாய் வரவில்லை. எல்லோருடைய சம்பளமும் தெரிந்த ஆளுக்குத்தான் தன்னுடைய சம்பளத்தைப் பற்றிப் பேச முடியாமல் இருந்தது. அதனால் படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தன்னுடைய வேலை, தகைமை, வெளியில் இந்த வேலைக்குக் கொடுக்கும் சம்பளம் என்பவற்றை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனா.

மேலாளர் சிரித்தபடி சொன்ன பதில்: "உமக்கென்ன பிள்ளை, குடும்பப் பொறுப்பா இருக்கு? கலியாணம் கட்டினா எப்பிடியும் விட்டிட்டுப் போயிடுவீர்தானே."

என்னுடைய போர்டிங் காசு, நான் வாங்கும் புத்தகம், அம்மாவின் பிறசர் குளிசை, எல்லாம் அக்காவின் சம்பளத்தில்தான் போகிறது. பக்கத்து மேசைப் பெடியனுக்கு அப்போது ஒரு பொறுப்பும் இல்லை. அவனே பிறகு சொன்னானாம், அந்தச் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்ததாக. ஆண் என்றால் குடும்பத்தைப் பார்ப்பவர், பெண் என்றால் கைச்செலவுக்கு உழைப்பவர் என்ற பழைய கணக்கு யாரும் சரிபார்க்காமலே வருடா வருடம் முன்கொண்டு வரப்படுகிறது. கணக்காய்வு செய்யும் தொழிலிலேயே இது நடக்கிறது என்பதுதான் பகிடி.

பதினையாயிரம் சின்னக் காசுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் வருடத்துக்கு 10 சதவீதம் ஒரே மாதிரிச் சம்பளம் கூடுகிறது என்று வைப்போம். பத்தாவது வருடத்தில் மாத வித்தியாசம் 35 ஆயிரத்தைத் தாண்டிவிடும். பத்து வருடத்திலும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு 28 இலட்சத்துக்கு மேல். அதற்கு மேல் நிறுவனம் சேமலாப நிதிக்குப் போடும் 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போடும் 3 சதவீதமும் குறைகின்றன. அது இன்னொரு 4 இலட்சம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குக் கிடைக்கும் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அதிலும் வெட்டு. அடுத்த வேலைக்குப் போகும்போது "இப்ப எவ்வளவு எடுக்கிறீர்?" என்று கேட்பார்கள். பழைய குறைவு புதிய இடத்துக்கும் கூட வரும்.

"பெண்கள் வெளியூர் ஒடிட்டுக்குப் போகமாட்டினம், சீசன் நேரம் இரவு நிக்கமாட்டினம், அதாலதான் குறைவு" என்று ஒரு நண்பர் வாதாடினார். இது முற்றாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. 2023 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற க்ளோடியா கோல்டின் இதைத்தான் நெடுங்காலமாக ஆராய்ந்தவர். இரவும் வார இறுதியும் கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்பவருக்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கும் வேலைகளை அவர் "பேராசை பிடித்த வேலைகள்" என்கிறார். குடும்பத்தில் யாராவது ஒருவர் பிள்ளைக்காக வீட்டில் நிற்க வேண்டியிருந்தால் அது பெண்ணாகவே போய்விடுகிறது. அங்கே இடைவெளி விரிகிறது. மருந்தாளர் தொழிலில் ஒருவரின் வேலையை இன்னொருவர் இலகுவாகத் தொடரக்கூடிய நிலைமை வந்ததும் அமெரிக்காவில் அந்த இடைவெளி சுருங்கியதையும் அவர் காட்டியிருக்கிறார்.

கணக்காய்வில் அது முடியாத காரியமா? ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே ஒவ்வொரு ஒடிட்டிலும் அவ்வளவு வேலைத்தாள்கள் எழுதுகிறார்கள்! அதோடு, அக்காவை வெளியூர் வேலைக்குப் போவீரா என்று யாரும் கேட்கவே இல்லை. போகமாட்டா என்று அவர்களாகவே முடிவெடுத்தார்கள். போக விடாத வீடுகளும் எங்களிடம் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் அவவும் அந்தப் பெடியனும் பார்த்தது ஒரே அலுவலக வேலை. அந்தப் பதினையாயிரத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். மற்றது, கீழே நிறையப் பெண்கள், மேலே நிறைய ஆண்கள். பிரித்தானியாவில் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆண் பெண் சம்பள இடைவெளியைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று 2017 இல் விதி வந்தது. பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் முதலில் பங்காளர்களை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டின, அவர்கள் ஊழியர்கள் இல்லை என்பதால். விமர்சனம் எழுந்த பிறகு பங்காளர்களையும் சேர்த்தார்கள். நான்கு பெரிய நிறுவனங்களிலும் இடைவெளி 40 சதவீத அளவுக்குப் போனது. ஒரு தொழிலின் உச்சியில் யார் இருக்கிறார்கள் என்று அந்த ஓர் எண் காட்டிவிட்டது.

எங்கள் நாட்டில் அப்படி எண் வெளியிடும் கட்டாயம் இல்லை. சமமான வேலைக்குச் சமமான ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் நிறுவனத்தின் மேலாளர் அதற்குள் அகப்படமாட்டார். அரச வேலையில் சம்பள அளவுத்திட்டம் சுற்றறிக்கையில் பகிரங்கமாக இருக்கும். யாரும் யாரையும் பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. தனியாரில் எல்லாம் கடித உறைக்குள்.

இந்த இரகசியம்தான் என் கோபத்தின் மையம். அந்தப் பெடியன் அக்காவை விடத் துணிச்சலானவன் இல்லை. அவனே பிறகு சொன்ன விளக்கம் இதுதான்: நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் போர்டிங்கில் ஒரு சீனியர் அண்ணா, "அந்த இடத்தில தொண்ணூறு வரைக்கும் குடுப்பாங்கள், தொண்ணூற்றைஞ்சு கேள்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சொல்ல ஆள் இல்லை. 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில், பழைய சம்பளத்தோடு ஐயாயிரத்தைக் கூட்டி எழுதிவிட்டு வந்தா. அவனிடம் இருந்தது தகவல். அது பெடியங்களின் தேத்தண்ணிக் கடையில் சுற்றி வருகிறது, எங்களிடம் வருவதில்லை.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. லைப்ரான்ட், லிஸ்ட் என்ற இருவர் அமெரிக்காவில் உண்மையான வேலை விளம்பரங்களை வைத்துப் பரீட்சித்தார்கள். சம்பளம் பேசித் தீர்மானிக்கலாம் என்று விளம்பரத்தில் வெளிப்படையாக எழுதியதும், பேரம் பேசுவதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமலே போனது. விளம்பரத்தில் எழுதிய ஒரு வரிக்கு அவ்வளவு வேலை.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. வேலை விளம்பரத்தில் சம்பள வீச்சைப் போடுங்கள். பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த பணிப்புரையில் இரண்டுமே இருக்கின்றன. இதைச் சட்டமாக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கணக்காளர்களுக்குத் தகைமை வழங்கும் நிறுவகங்கள் தங்கள் தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு நாளைக்கே இந்த நிபந்தனையைப் போடலாம்.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது: நேர்முகத்தில் நீங்கள் முதலில் எண் சொல்லாமல், "இந்தப் பதவிக்கு ஒதுக்கிய வீச்சு என்ன?" என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பயணப்படி என்று பிரித்துக் காட்டும் காசு சேமலாப நிதிக் கணக்கில் வராமல் போகலாம். ஒப்புக்கொண்டதை நியமனக் கடிதத்தில் பார்த்த பிறகு கையொப்பம் வையுங்கள். கலியாணத்தைப் பற்றிக் கேட்டால், அந்தக் கேள்வி வேலைக்கு எப்படித் தேவை என்று மரியாதையாகக் கேட்கலாம். எல்லோராலும் முடியாது, தெரியும். வேலை அவசரமாகத் தேவைப்படும் ஒருத்தி அந்தக் கேள்வியை விழுங்கித்தான் ஆகவேண்டும். அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இந்த ஆலோசனைகள் ஓர் ஆளுக்கு உதவும், எல்லோருக்கும் போதாது. மலையகத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது 1984 இல். கொழுந்து பறித்த பெண்கள் ஒவ்வொருவராகத் துரையிடம் போய்ப் பேரம் பேசி அதை வாங்கவில்லை. வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினார்கள். குளிரூட்டிய அறையில் கணினிக்கு முன்னால் இருக்கும் நாங்கள் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது.

அக்கா அந்த இடத்தை விட்டு ஆறு மாதமாகிறது. புதிய இடத்தில் என்ன சம்பளம் கேட்டா, என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவவோடு படித்த ஐந்து பேருக்கும் தெரியும், ஏனென்றால் அவவே சொன்னா. "சம்பளத்தை வெளியில சொல்லாத பிள்ளை, கண்ணூறு" என்று அம்மா இன்னும் பேசுகிறா. அக்கா சொல்வதை நிறுத்தவில்லை. போன கிழமை அந்த ஐந்து பேரில் ஒருத்தி நேர்முகத்துக்குப் போகும்போது கையில் ஓர் எண்ணோடு போனா.

இதை வாசிக்கும் அண்ணாமார், தம்பிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். போர்டிங்கில் நீங்கள் பெடியங்களுக்குச் சொல்லும் அந்த எண்ணை, கூடப் படித்த பெட்டைகளுக்கும் ஒரு மெசேஜில் போட்டுவிடுங்கள். உங்கள் சம்பளம் அதால் குறையாது.