வேலியில் தழைக்கும் விடை

ஞாலம் வெப்பமுறுதற்கு மாடும் ஓர் ஏது என்னும் குற்றச்சாட்டு இன்று உலக மன்றங்களில் ஓங்கி ஒலிக்கின்றது. அதில் உண்மை உண்டு, மறுத்தல் அறிவுடைமையாகாது. ஆயின், குற்றஞ்சாட்டுவோர் கூறாது விடுக்கும் மறுபாதி ஒன்றும் உண்டு.

அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்கச் செய்யுங்கால் நீரகமும் கரிவளியும் பிறக்கின்றன. அவ்விரண்டையும் கூட்டி மீத்தேன் வளியாக்கும் வேறோர் நுண்ணுயிரினமும் அங்கேயே வாழ்கின்றது. அவ்வளி பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அது கரிவளியினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. மாட்டுக்கும் இஃது இழப்பே. உண்ட தீனியின் ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இவ்வாறு வீணே காற்றிற் கலக்கின்றது.

வெறும் வைக்கோலையே தின்னும் மாடு, கறக்கும் ஒவ்வொரு படிப் பாலுக்கும் மிகுதியான வளியை விடுகின்றது. வைக்கோலோடு மரத்தழையைச் சேர்த்தால், அதிலுள்ள புரதம் செரிமானத்தைச் சீராக்கிப் பாலைக் கூட்டும். சில தழைகளில் உள்ள, டானின் என்று வேதியியலார் கூறும் துவர்ப்புப் பொருளோ வளியாக்கும் நுண்ணுயிர்களை அடக்கும். இதனை உணர்ந்தே ஆத்திரேலியாவிலும் கொலம்பியாவிலும் புல்வெளிகளிடையே சூபாபுல் மரங்களை வரிசையாக நட்டு மாடு மேய்க்கின்றனர்.

அளவறியாது ஊட்டுதல் தீது. துவர்ப்பு மிகின் மாடு தீனியை வெறுக்கும். சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நஞ்சும் உண்டு. மிகுந்தால் மயிர் உதிரும். அவாய்த் தீவு ஆடுகளின் இரைப்பையில் அந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் வாழ்வதை ஆத்திரேலிய அறிஞர் இரேமண்டு சோன்சு கண்டார்; 1980களில் அது அந்நாட்டு மாடுகளுக்கு ஊட்டப்பட்டது. தழையின் குற்றத்தையும் ஆய்ந்து களைந்தனர். அதுவன்றோ அறிவின் வழி!

இனி, நம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டைக் காண்மின்! சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்தக்கால் வெள்வேலின் நெற்றே மாட்டுக்கு உணவு. காங்கேயக் காளை வளர்ந்த நிலம் இது. மரமும் புல்லும் மாடும் இணைந்த மேய்ச்சலை இன்று உலகம் புத்தறிவெனப் போற்றுகின்றது. நம் உழவனோ அதனை நெடுங்காலமாக நடத்தி வருகின்றான்.

ஆயினும், பழம்பெருமை பேசி அமைதல் நமக்கு அழகன்று. கொறங்காட்டு மாடு விடும் வளி எத்துணை? வாகை, அகத்தி, கிளுவை இவற்றுள் எத்தழை எவ்வளவில் அதனைக் குறைக்கும்? நம் கால்நடைப் பல்கலைக்கழகம் இவற்றை அளந்து, உழவனுக்கு உழவன் மொழியில் உரைத்தல் வேண்டும்.

காலம் தாழ்த்தற்கில்லை. தென்மார்க்கு நாடு 2030 முதல் கால்நடை வளிக்கு வரி தண்ட 2024இல் முடிவு செய்துவிட்டது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையும் ஏறத்தாழ 30 கோடி. அவற்றுள் மிகப் பல, ஒன்றிரண்டு மாடுகளை நம்பிப் பிழைக்கும் ஏழையருடையவை. அத்தகைய சுமை நாளை ஒற்றை மாட்டுக் கைம்பெண்ணின் தலையில் ஏறுமாயின், அவளுக்காக வழக்குரைக்க நம் கையில் அளந்த சான்று வேண்டாவா?

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டது தமிழ். அச்செல்வத்தைக் காக்க விரும்புவோர் வரும் மழையிலேயே வேலியோரம் அகத்தியும் வாகையும் நடுக! எஞ்சியுள்ள கொறங்காடுகளை அரசு காக்க!