நீலாம்பிகையாரை நினைக்கும் முறை இதுவோ?

குற்றாலத்திற்கு அணித்தேயுள்ள மேலகரம், குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவ்வூர்ச் சுவரொன்றில் ஒரு மூதாட்டியின் இறப்பு அறிவிப்பைக் கண்டு நின்றோம். அவ்வம்மையார் 'சிவலோகப் பதவி' அடைந்தாராம், 'உத்தரகிரியை' நடக்குமாம், கீழே மகன் 'குமாரன்', பேரன் 'பௌத்திரன்'! பெற்ற மகனை அத்தாய் ஒருநாளேனும் 'குமாரா' என்று அழைத்திருப்பாரா? 'ஏலே' என்றன்றோ அழைத்திருப்பார்! தமிழிலேயே தாலாட்டித் தமிழிலேயே சினந்து வாழ்ந்தவர்க்குக் கண்மூடியதும் தமிழ் தீட்டாகிவிட்டதா?

அச்சிட்டவரை மட்டும் நோவானேன்? இச்சொற்களை ஓட்டுதற்கென்றே உழைத்த பெருமாட்டி ஒருவர் இதே நெல்லை நாட்டில் வாழ்ந்து மறைந்தார். அவரை நாம் எவ்வாறு நினைக்கிறோம்?

மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகையார் 1903இல் பிறந்தவர். 1916இல் அடிகள் வள்ளலார் பாட்டொன்றைப் பாடி, அதில் 'தேகம்' என்னும் சொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்றிருப்பின் எத்துணை இனிமை என்று வியந்ததும், மகளார் அதுபற்றி உசாவியதும், தனித்தமிழ் முகிழ்த்ததும் எல்லா மேடைகளிலும் முழங்குகின்றன. முழங்கட்டும்! ஆனால் அந்நாளில் அவர்க்கு அகவை பதின்மூன்று. அதன்பின் அவர் வாழவே இல்லையா?

சென்னையில் பெண்பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்தார். 1927இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தோற்றுவித்த திருவரங்கனாரை மணந்து பாளையங்கோட்டைக்கு வந்தார். மக்கள் பலரைப் பெற்று வளர்த்த கையே 'தனித்தமிழ்க் கட்டுரைகள்', 'முப்பெண்மணிகள் வரலாறு' ஆகியவற்றை எழுதியது. சொல் சொல்லாகத் தேடி 'வடசொற்றமிழ் அகரவரிசை'யையும் தொகுத்தது. அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையே அகரவரிசை தொகுப்பது எளிதோ? மேடையில் முழங்கும் ஆடவருள் எத்தனை பேர் அந்நூலைப் புரட்டியிருப்பர்?

1938 நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. ஈ.வெ.இராமசாமியாரைப் 'பெரியார்' என அழைக்கத் தீர்மானித்தது அம்மாநாடு. பெயரை நாடறியும், தலைமை தாங்கியவரை எத்தனை பேர் அறிவர்?

வேதாசலம் மறைமலை ஆனார். பிள்ளைகளுள் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். நீலாம்பிகையாரோ பிறந்தநாட் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறார். (இதைச் சொல்லி எள்ளுவோர் உளர். அவர் நடையைப் படித்துவிட்டு எள்ளட்டும்!)

நாற்பதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார். அடிகளோ 1950 வரை வாழ்ந்தவர். தம் கொள்கையின் முதல் மாணவியை, பெற்ற மகளை இழந்து அம்முதுமகனார் கழித்த நாட்களை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

அன்பர்களே! 'அடிகளின் மகள்', 'அரங்கனாரின் மனைவி' என்று சொல்லி, படத்திற்கு மாலையிட்டுக் கலைவது போதும். வரும் நினைவுநாளில் அகரவரிசையை மேடைக்குக் கொண்டு வாருங்கள். மேலகரத்துச் சுவரில் கண்டவை போன்ற அறிவிப்புகளை அருகில் விரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ச்சொல் எழுதுங்கள். எழுதிய தாளை மறுநாட் காலையிலேயே உங்கள் ஊர் அச்சகத்தாரிடம் சேர்ப்பியுங்கள்.