இழப்பீடு விதைப்புக்கு முன் வரட்டும்

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே தா.பழூர் பக்கம் கொள்ளிடத்தை நம்பிய நெல் வயல்கள். வடக்கே ஆண்டிமடம் வரை முந்திரியும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளையும் செம்மண் கொல்லைகள், பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அங்கே புரட்டாசியில் ஈரம் பிடித்ததும் விதை விழ வேண்டும். அந்த வாரம் கையில் பணமில்லாதவர் விதைப்பைத் தள்ளிப் போடுகிறார், அல்லது உரக்கடையில் கடன் சொல்கிறார். கடன் கொடுத்தவரே விளைச்சலையும் எடுப்பவரானால், விலையும் அவர் வைப்பதுதான்.

இதற்கு மருந்தாகத்தான் கூட்டுறவுப் பயிர்க்கடன் இருக்கிறது. தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை; அருமையான ஏற்பாடு. ஆனால் கடன் விதைக்கும் உரத்துக்கும்தான் வழி செய்யும். பயிர் போய்விட்டால் கடன் மட்டும் நிற்கும். 2018-இல் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று தீர்த்தது. அப்படி ஓர் அடி வாங்கியவர் மறு ஆண்டு கடன் கிடைத்தாலும் வாங்கத் தயங்குவார். பாதி உரத்தோடு நிறுத்திக்கொள்வார், கூலிக்கு அஞ்சிக் களையெடுப்பைத் தள்ளுவார். தமிழகத்தில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர்தான். அவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு போகம் தவறினால் குடும்பமே ஆட்டம் காணும். அந்த அச்சத்தைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது அநியாயம்.

வட கானாவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மழைக் காப்பீடு பெற்ற விவசாயிகள் சாகுபடிக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள். ரொக்கம் மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் மிகக் குறைவு. ஆந்திரத்திலும் மழைக் காப்பீடு கிடைத்தவர்கள் நிலக்கடலை, ஆமணக்கு போன்ற பணப்பயிர்களுக்குத் துணிந்தார்கள். கடன் கிடைக்காததைவிட இழப்பு பற்றிய பயம்தான் பெரிய தடை என்பதே நம் கருத்தும்.

2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது, உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காரிஃபில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், பருத்தி போன்றவற்றுக்கு 5 சதவீதம். பிரீமியம் சுமையல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. பயிரைப் பொறுத்து ஒரு வருவாய்க் கிராமமோ ஒரு பிர்காவோ காப்பீட்டு அலகாகிறது. அங்கங்கே நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியே எல்லாருக்கும் இழப்பைத் தீர்மானிக்கிறது. பிர்காவின் ஒரு மூலையில் மழை பெய்து மறு மூலை காய்வது இங்கே வழக்கம். காய்ந்த மூலைக்காரருக்குச் சராசரி கைகொடுப்பதில்லை. இழப்பீடு தாமதமானால் 12 சதவீத வட்டி தர வேண்டுமென 2018-இல் விதி வந்தும், அடுத்த விதைப்பு முடிந்த பிறகு வரும் இழப்பீட்டால் யாருக்கு என்ன பயன்?

அரசுகள் விரும்புவதோ தள்ளுபடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. நொடித்தவருக்கு அது உயிர்மூச்சு, மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டியவருக்கும், உரக்கடையில் கடன்பட்டவருக்கும், வாய்மொழிக் குத்தகையில் உழுது கூட்டுறவுச் சங்கத்தின் வாசலே ஏற முடியாதவருக்கும் அதில் ஒரு காசும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் போட்டாயிற்று. அதைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாக முடுக்கிவிட இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

மானாவாரிப் பயிர் எதுவானாலும் வருவாய்க் கிராமமே அலகாக வேண்டும். அறுவடைப் பரிசோதனை முடிவையும் இழப்பீட்டுத் தேதியையும் கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்சியரின் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் காப்பீட்டு நிறுவனம் நேரில் பதில் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவர் வைக்கும் விலைக்கே விற்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம் என்பதையும் சங்கங்களே எடுத்துச் சொல்லட்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. பதிவின்போது அடங்கலில் உள்ள பயிரும் பரப்பும் விண்ணப்பத்தில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.